பி.எச் 7-இல் முடிவதில்லை: அசிட்டிக் அமிலத் தரம்பார்த்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தரம்பார்த்து (காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளவிட்டு) பழகிய கை, அசிட்டிக் அமிலத்துக்கும் அதே கணக்கைப் போட்டுவிடுகிறது. பெரும்பாலான தவறுகள் இந்தப் பழக்கத்தில்தான் பிறக்கின்றன.

25 மி.லி. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். பியூரெட்டில் (அளவுக்கோடுகள் கொண்ட சொட்டுக் குழாயில்) 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். அமிலம் வலிமை குறைந்தது, அதனால் காரமும் குறைவாகத்தான் செலவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முழு 25 மி.லி.யும் வேண்டும். அயனியாகாத மூலக்கூறுகளும் காரம் சேரச் சேரப் பிரிந்து வினைபுரிகின்றன.

சமான நிலையில், அதாவது அமிலம் முழுவதும் தீரச் சரியான அளவு காரம் சேர்ந்த இடத்தில், பி.எச் 7 என்று எழுதுவது அடுத்த தவறு. அங்கே குடுவையில் இருப்பது சோடியம் அசிட்டேட். அசிட்டேட் அயனி நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடைத் தருவதால் பி.எச் 8.7 அளவில் நிற்கும். இதைக் கணக்கிடும்போது மொத்தக் கனஅளவு 50 மி.லி. ஆகிவிட்டதை மறக்காதீர்கள்; அசிட்டேட்டின் செறிவு 0.05 மோலார்தான்.

ஆனால் முடிவையே குலைத்துவிடுவது நிறங்காட்டித் தேர்வு; பி.எச்சுக்கு ஏற்ப நிறம் மாறி எங்கே நிறுத்துவது என்று சொல்லும் பொருள்தான் நிறங்காட்டி. பி.எச் 7-இல் நிறுத்தினால்கூட ஏறக்குறைய 0.14 மி.லி., அதாவது மூன்று சொட்டுதான் குறையும். மெத்தில் ஆரஞ்சு போட்டால் கதையே வேறு. அது 3.1 முதல் 4.4 வரை நிறம் மாறுவது. இந்த அமிலத்தின் தொடக்க பி.எச்சே 2.9. எனவே முதல் சில மி.லி.யிலேயே சிவப்பு மங்கத் தொடங்கி, 8 மி.லி. ஆவதற்குள் முழு மஞ்சளாகிவிடும். திடீர் மாற்றம் எங்கும் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு அமிலம்கூட அப்போது தீர்ந்திருக்காது! பினால்ப்தலீனைப் போடுங்கள், ஏறக்குறைய 8.2 முதல் 10 வரையான அதன் எல்லை, வளைகோடு (சேர்த்த காரத்துக்கு ஏற்ப பி.எச் மாறுவதைக் காட்டும் கோடு) செங்குத்தாக ஏறும் இடத்தில் சரியாக விழுகிறது.

அப்புறம், வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். பிறகு அது மறைவது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடால். மறைந்ததே என்று மேலும் சொட்டுவிட்டால் அளவு கூடிவிடும். அதே கார்பன் டைஆக்சைடு கார பாட்டிலுக்குள்ளும் புகுந்து செறிவைக் குறைக்கும். பழைய கரைசலை ஆக்சாலிக் அமிலத்தால் தரப்படுத்தாமல் நம்ப வேண்டாம்.

கழுவுவதிலும் குழப்பம் உண்டு. பியூரெட்டைக் காரக் கரைசலால் அலச வேண்டும், ஆனால் கூம்புக் குடுவையை அமிலத்தால் அலசக் கூடாது. சுவரில் ஒட்டும் அமிலமும் கணக்கில் சேர்ந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் மிஞ்சியிருந்தால் பரவாயில்லை, மோல் எண்ணிக்கை மாறாது.

வளைகோட்டிலிருந்து பி.கே.ஏ. (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) எடுப்பவர்கள், பாதி அமிலம் தீர்ந்த பாதிப் புள்ளியைச் சமான நிலைக் கனஅளவிலிருந்து கணக்கிடுங்கள், மொத்தம் ஊற்றிய அளவிலிருந்து அல்ல. 40 மி.லி. வரை ஊற்றியிருந்தாலும் பார்க்க வேண்டிய இடம் 12.5 மி.லி.; அங்கே பி.எச் 4.7-ஐ ஒட்டி இருக்கும்.