சம்ப் மோட்டாருக்கு ஆட்டோமேடிக் பேனல்: எது கெட்டாலும் மோட்டார் நிற்கும்படி அமைப்பது எப்படி?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு ஈஎஸ்பி32 போர்டும் (வைஃபை உள்ள குட்டிக் கணினி) ஒரு ரிலே மாட்யூலும் (அது சொன்னபடி ஆன், ஆஃப் ஆகும் சுவிட்ச்) வாங்கி, அரை நாளில் சம்ப் மோட்டாரை ஆட்டோமேடிக் ஆக்கிவிடலாம் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அதை நம்பிச் செய்தால் மோட்டார் ஓடும், சந்தேகமில்லை. ஒயரை எலி கடித்தாலோ, புரோகிராம் தொங்கிப் போனாலோ, கரண்ட் போய் வந்தாலோ நிற்குமா? அதற்கு அந்த வீடியோக்களில் பதில் இருக்காது. இங்கே கட்டப்போகும் பேனலுக்கு விதி ஒன்றுதான்: எந்தப் பாகம் பழுதானாலும் மோட்டார் நின்ற நிலைக்கே வர வேண்டும் (ஒரே விதிவிலக்கு கடைசிச் சோதனையில் வரும்).

சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் மோட்டாருக்கான அமைப்பு இது. போர்வெல் சப்மெர்சிபிளுக்குப் பொருந்தாது. 230 வோல்ட் பக்கத்து வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடமே விடுங்கள். எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இடத்தில் முதலில் அவற்றைப் போடுங்கள், பேனல் பிறகு.

படி 1: பொருட்கள்

24 வோல்ட் டிசி காயில் உள்ள 9 ஆம்பியர் ஏசி-3 (மோட்டார் லோடுக்கான ரகம்) கான்டாக்டர், அதாவது காயிலுக்கு மின்சாரம் வந்தால் சேரும் பெரிய சுவிட்ச்; அதோடு சேர்ந்தே மூடும் 13-14 துணை கான்டாக்ட்டோடு. தெர்மல் ஓவர்லோட் ரிலே (மோட்டார் அளவு மீறி கரண்ட் இழுத்தால் ட்ரிப் ஆவது). சி16 எம்சிபி. 24 வோல்ட் 2.5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசி ஆக்கும் பவர் சப்ளை). எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (டிசி வோல்டேஜைக் குறைப்பது). ஈஎஸ்பி32 போர்டு. ஹை ட்ரிகர் ஜம்பர் (சிக்னலில் வோல்டேஜ் வந்தால் ஆன் ஆகும்படி மாற்றும் இணைப்பு) உள்ள 5 வோல்ட் ரிலே மாட்யூல். கேபிள் ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் மட்டத்தோடு மிதந்து மாறும் சுவிட்ச்) 2. ஒரு இன்ச் ஃப்ளோ சுவிட்ச். பிசி817 ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியே கடத்தும் சிப்) 3. புஷ் பட்டன், பஸ்ஸர், ஐபி65 பெட்டி. எலக்ட்ரானிக்ஸ் சாமான் ரிச்சி தெருவிலும் எலக்ட்ரிக்கல் சாமான் பாரிமுனைப் பக்கமும் கிடைக்கும்.

கான்டாக்டர் வாங்கும்போது காயில் மேல் 'டிசி' என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 24 வோல்ட் ஏசி காயிலுக்கு டிசி கொடுத்தால் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்துக் கருகிவிடும்.

ரிலே மாட்யூலிலேயே 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும்போது கான்டாக்டர் எதற்கு என்று தோன்றலாம். அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரியான லோடுக்குச் சொன்ன கணக்கு. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதன் ஐந்தாறு மடங்கு இழுக்கும். சின்ன ரிலேயின் முனைகள் அந்தப் பொறியில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ரிலேயை எந்தப் புரோகிராமாலும் பிரிக்க முடியாது.

படி 2: பாதுகாப்பு வளையம்

பேனலின் உயிர் இந்த ஒயரிங்தான், நிதானமாகச் செய்யுங்கள். 24 வோல்ட் ப்ளஸ்ஸிலிருந்து கிளம்பும் ஒயர் வரிசையாக இவற்றின் வழியே போக வேண்டும்: சம்ப் ஃப்ளோட், மாடித் தொட்டி ஃப்ளோட், ஓவர்லோட் ரிலேயின் 95-96 (ட்ரிப் ஆனால் விலகும் முனைகள்), ரிலே மாட்யூலின் என்ஓ முனை (ரிலே ஆன் ஆனால் மட்டும் சேர்வது), கான்டாக்டர் காயிலின் ஒரு முனையான ஏ1. காயிலின் மறுமுனை ஏ2 நேராக 0 வோல்ட்டுக்கு. ஏ1, ஏ2 குறுக்கே 1என்4007 டையோடு; வெள்ளைக் கோடு ஏ1 பக்கம். திருப்பிப் போட்டால் எஸ்எம்பிஎஸ் ஷார்ட் ஆகும்.

சம்ப் ஃப்ளோட்டில் மேலே மிதக்கும்போது சேரும் ஒயர் ஜோடியையும், மாடி ஃப்ளோட்டில் கீழே தொங்கும்போது சேரும் ஜோடியையும் எடுங்கள். ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இப்படி இணைத்தால் ஒயர் அறுந்தாலும், கனெக்டர் கழன்றாலும், எஸ்எம்பிஎஸ் செத்தாலும் காயிலுக்கு மின்சாரம் கிடைக்காது. மோட்டார் நிற்கும். ஈஎஸ்பி32 என்ன நினைத்தாலும் தண்ணீரில்லாத சம்ப்பில் மோட்டாரைப் போட அதற்கு அதிகாரமே கிடையாது.

1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை எந்திரம் நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்த விபத்துகளில் பாடமாகச் சொல்லப்படுவது இதுதான். முந்தைய தெராக்-20-இல் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள்.

தொட்டிக்குள் 24 வோல்ட் மட்டுமே போவதால் ஃப்ளோட் கேபிள் உரிந்தாலும் தண்ணீரில் 230 வோல்ட் இறங்காது. சம்ப் ஃப்ளோட் விலகும் மட்டம் ஃபுட் வால்வுக்கு (உறிஞ்சு குழாயின் அடி வால்வு) மேல் குறைந்தது 20 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் சுழல் விழுந்து காற்று உறிஞ்சும்.

ஓவர்லோட் ரிலேயில் ஒரு நுணுக்கம். அது மூன்று ஃபேஸுக்கானது. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை அதன் மூன்று போல்களில் (மின்பாதைகளில்) ஒன்றின் வழியே மட்டும் ஓட்டினால், ஃபேஸ் போய்விட்டது என்று நினைத்துக் காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். கரண்ட் மூன்று போல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும்படி சீரிஸில் வளைத்துக் கொடுங்கள். டயலை மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள்.

படி 3: ஈஎஸ்பி32-க்குக் கண்கள்

பக் கன்வெர்ட்டரைப் போர்டோடு இணைக்கும் முன்பே மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்ளுங்கள். 5 வோல்ட் லைனில் ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். வைஃபை சிக்னல் அனுப்பும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆவது இதனால் குறையும். அப்படி ரீசெட் ஆனால் பிரவுன்-அவுட் டிடெக்டரை (வோல்டேஜ் சரிந்தால் போர்டை ரீசெட் செய்யும் காவல்) ஆஃப் செய்யச் சொல்லி இணையத்தில் எங்கும் யோசனை கிடைக்கும். செய்யாதீர்கள். அது காய்ச்சல் வந்தவருக்குத் தெர்மாமீட்டரை உடைக்கும் வைத்தியம்.

மூன்று இடங்களைப் படிக்க வேண்டும்: 96-ஆம் முனை (ஃப்ளோட்டுகளும் ஓவர்லோடும் ஓடச் சம்மதிக்கின்றனவா), கான்டாக்டரின் 13-14 (உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா), ஃப்ளோ சுவிட்ச் (குழாயில் தண்ணீர் ஓடுகிறதா). 13-14-க்கும் ஃப்ளோ சுவிட்சுக்கும் ஒரு முனையில் 24 வோல்ட் ப்ளஸ் கொடுங்கள். மூன்று இடங்களிலிருந்தும் வரும் 24 வோல்ட்டை 2.2 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் வழியே பிசி817-இன் 1-ஆம் காலுக்குக் கொண்டுபோங்கள். 2-ஆம் கால் 0 வோல்ட்டுக்கு. 4-ஆம் கால் போர்டின் ஜிபிஐஓ (சிக்னல் படிக்க, அனுப்ப உள்ள பின்கள்) 25, 26, 27-இல் ஒன்றுக்கு, 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டரோடு. 3-ஆம் கால் கிரவுண்டுக்கு. கான்டாக்ட் வழியே சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடும். துணை கான்டாக்ட்டை நேராக 3.3 வோல்ட் பின்னில் மாட்டினால் முதலில் வேலை செய்யும். ஆனால் அங்கே ஓடும் மிகச் சிறிய கரண்ட் முனையில் படியும் ஆக்சைடைத் துளைக்காது என்பதால் நாளடைவில் விட்டு விட்டுத் தொடும்.

ரிலேயை ஜிபிஐஓ 32-இல் மாட்டி, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். ரீசெட் ஆகும்போது அந்தப் பின் அந்தரத்தில் நிற்காமல் ரிலே ஆஃப் ஆகும். 0, 2, 5, 12, 15 பூட் ஆகும்போது போர்டே பார்க்கும் பின்கள், அவற்றைத் தொடாதீர்கள்.

பிரெட்போர்டும் ஜம்பர் ஒயரும் மேசையோடு சரி. பெட்டிக்குள் சால்டர் செய்த போர்டும் ஸ்க்ரூ டெர்மினலும்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடல் காற்று அடிக்கும் இடமென்றால் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே அடித்து, கேபிள்களைப் பெட்டியின் அடிப்பக்கமாக மட்டும் நுழையுங்கள்.

படி 4: புரோகிராம்

போர்டு உயிர் பெற்றதும் 60 நொடி சும்மா இருக்கட்டும். கரண்ட் வந்த கையோடு தெருவில் உள்ள எல்லா மோட்டாரும் கிளம்பும், வோல்டேஜ் தள்ளாடும். பிறகு 96-ஆம் முனையில் 5 நொடி தொடர்ந்து 24 வோல்ட் தெரிந்தால் ரிலேயைப் போடலாம்.

போடும் முன் ஒரு சோதனை: மோட்டார் நின்றிருக்கும்போதே ஃப்ளோ சுவிட்ச் 'ஓடுகிறது' என்றால், உப்புப் படிந்து துடுப்பு சிக்கியிருக்கிறது. கிளப்பாமல் பஸ்ஸர் அடியுங்கள். போட்ட 30 நொடிக்குள் ஃப்ளோ வரவில்லை என்றால் நிறுத்தி லாக் செய்யுங்கள். ஆள் வந்து பட்டனை அழுத்தும் வரை விடக்கூடாது. தானாகத் திரும்பத் திரும்ப முயன்றால் வறண்ட பம்ப்பில் மெக்கானிக்கல் சீல் போய்விடும். இந்த லாக்கை ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுத மறக்காதீர்கள், நிலை மாறும்போது மட்டும். எழுதவில்லை என்றால் ஒரு கரண்ட் கட் லாக்கை அழித்து மோட்டாரைத் திரும்பக் கிளப்பிவிடும்.

காலித் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் என்று ஒருமுறை அளந்து, அதன் ஒன்றரை மடங்கை உச்ச நேரமாக வையுங்கள். அதைத் தாண்டினாலும் லாக்தான். மாடி ஃப்ளோட் ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பாதுகாப்பு வளையத்துக்குத் தெரியாது. அதைப் பிடிக்க இருப்பது இது ஒன்றே. கணக்கிடும்போது 'இப்போது கழித்தல் தொடக்கம்' என்று அன்சைன்டு (மைனஸ் இல்லாத) எண்ணிலேயே எழுதுங்கள். மில்லிசெகண்ட் எண்ணி 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும்; 'தொடக்கம் கூட்டல் வரம்பு' என்று எழுதினால் அன்றைக்குக் கணக்கு தப்பும்.

அர்டுயினோவில் (போர்டுக்குப் புரோகிராம் எழுதும் மென்பொருள்) உங்கள் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் முக்கியப் பகுதி, தானாக வாட்ச்டாக் (புரோகிராம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டைமர்) கண்காணிப்பில் இருக்காது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும், தொங்கினால் ரீசெட் ஆகும்படி. வாட்ச்டாக்குக்குத் தீனி போடுவது, அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்வது, லூப்பின் கடைசியில் ஒரே இடத்தில் மட்டும். டைமர் இன்டரப்டில் (லூப்பைச் சாராமல் நேரப்படி தனியாக ஓடும் பகுதி) போட்டால் லூப் செத்துக் கிடந்தாலும் தீனி போய்க்கொண்டே இருக்கும். வைஃபை கிடைக்கும் வரை காத்திருக்கும் லூப்பும் வேண்டாம். கிடைத்தால் மெசேஜ் போகட்டும், கிடைக்காவிட்டால் மோட்டார் வேலை தன் பாட்டில் நடக்கட்டும்.

படி 5: வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது

மோட்டாருக்குப் பதில் 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். பல்பு எரியும்போது ஃப்ளோட் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ரவுட்டரை ஆஃப் செய்யுங்கள். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். முடிவில்லாத லூப் ஒன்றைப் புகுத்துங்கள். ஃப்ளோ சுவிட்சைக் கழற்றுங்கள். எம்சிபியை ஐந்து முறை போட்டு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடியில் பல்பு அணைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். ரவுட்டர் சோதனையில் மட்டும் பல்பு அணையவே கூடாது.

கடைசிச் சோதனைக்குக் கான்டாக்டரின் நடுத்தண்டை மரக்குச்சியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இது கான்டாக்டர் முனைகள் ஒட்டிக்கொண்ட நிலைக்குச் சமம். இதை ஒயர்மேன் பக்கத்தில் இருக்கும்போது, எம்சிபியை ஆஃப் செய்து 24 வோல்ட்டை மட்டும் தனியாகக் கொடுத்துச் செய்யுங்கள். ரிலே ஆஃப் என்று சொல்லியும் 13-14 சேர்ந்திருப்பதைப் பார்த்து 2 நொடியில் பஸ்ஸர் அலற வேண்டும். இந்த ஒரு பழுதில் பேனலால் மோட்டாரை நிறுத்த முடியாது. பெட்டிக் கதவின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: 'பஸ்ஸர் விடாமல் அடித்தால் எம்சிபியை இறக்கவும்.'