மும்பையில் கைக்குழந்தைக்குப் பசும்பால்: எந்தப் பால், எப்போது, எவ்வளவு

மும்பையில் கடைக்காரரிடம் வெறுமனே பால் வேண்டும் என்று கேட்டால் எருமைப்பால் கைக்கு வந்துவிட வாய்ப்பு அதிகம். நம் ஊர் வீடுகளில் பால் என்றால் பெரும்பாலும் பசும்பால்தான். இங்கே பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக எருமைப்பாலில் டீ போட்டுப் பழகியவை. கோரேகாவ், ஜோகேஷ்வரி பக்கம் இன்னும் இருக்கும் தபேலாக்களில், அதாவது மாட்டுக் கொட்டகைகளில், கட்டியிருப்பவையும் பெரும்பாலும் எருமைகளே. விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும் பால்காரர் ஊற்றுவதும் அதுவாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கைக்குழந்தையோடு தாராவியிலோ செம்பூரிலோ டோம்பிவிலியிலோ இப்போதுதான் குடியேறியிருக்கிறீர்கள் என்றால், கேட்கும்போதே இந்தியில் "காய் கா தூத்" என்று பசுவைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் எப்போது தொடங்குவது என்பதைப் பார்த்துவிடலாம். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததுமே ஊரிலிருந்து போன் வரும். "இன்னுமா வெறும் தாய்ப்பால்? பசும்பால்ல பாதிக்குப் பாதி தண்ணி விட்டுக் காய்ச்சிக் கொடு" என்பார் ஆச்சி. ஆறு மாதத்தில் தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும் என்பதில் அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த வேறு உணவு, தட்டில் வைத்து ஊட்டுகிற உணவாக இருக்க வேண்டும். நன்றாகக் குழைத்த பருப்புச் சாதம், இட்லி, ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம், கீரை, அப்புறம் முட்டை, மீன். ராகி இங்கே கடைகளில் நாச்ணி என்ற பெயரில் கிடைக்கும்.

முதல் பிறந்தநாளுக்கு முன்பு பசும்பாலைத் தம்ளர் தம்ளராகக் கொடுக்கவேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து ஏறக்குறைய அரை மில்லிகிராம்தான். அதிலுள்ள கால்சியமும் கேசீன் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சரியாகச் சேரவிடுவதில்லை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியவும் செய்யும். தாய்ப்பாலைவிடப் புரதமும் உப்புகளும் அதிகம் என்பதால் சின்னச் சிறுநீரகத்துக்கு வேலை கூடும். காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ உடம்பில் நீர் குறையும்போது அது இன்னும் சிக்கல். பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டால் இரும்புச்சத்து கூடப்போவதில்லை, சக்திதான் பாதியாகும்.

இதில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 6 முதல் 11 மாதத்தில் தாய்ப்பால் தவிர வேறு பால் தேவைப்படும் குழந்தைக்கு ஃபார்முலாவும் (கைக்குழந்தைக்கென்றே தயாரித்த டப்பா பால்) கொடுக்கலாம், விலங்குப் பாலும் கொடுக்கலாம் என்கிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவ அமைப்புகள் ஒரு வயது வரை பொறுக்கச் சொல்கின்றன. தாய்ப்பால் வருகிற வீட்டில் பொறுப்பதே நல்லது என்பது என் கட்சி. பால் போதவில்லை, ஃபார்முலா டப்பா வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் அதையே சொல்லுங்கள். எந்தப் பால், எவ்வளவு, கூடவே இரும்புச்சத்து சொட்டு மருந்து வேண்டுமா என்று அவர் சொல்வார். இங்குள்ள டாக்டர்களும் நர்சுகளும் "ஊபர் கா தூத் தேத்தே ஹோ?", அதாவது மேல்பால் கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். தாய்ப்பால் அல்லாத எந்தப் பாலும் அதில் அடக்கம், ஃபார்முலாவும் சேர்த்துத்தான். "இல்லை, டப்பா பால் மட்டும்தான்" என்று பாதி புரிந்து பதில் சொல்லிவிடாதீர்கள்.

குடிக்கக் கொடுப்பதைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன், சமையலில் சேர்ப்பதை அல்ல. ஆறு மாதத்துக்குப் பிறகு ராகிக் கூழில் கொஞ்சம் பால் விடலாம். ஏழெட்டு மாதத்தில் புளிக்காத தயிரில் பிசைந்த சாதம் நன்றாகவே இறங்கும். முதல் தடவை ஒன்றிரண்டு ஸ்பூன் போதும். அதைக் காலை வேளையில் கொடுங்கள், அன்றைக்கு வேறு புதிய உணவு எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். உடம்பில் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் ரத்தம் தெரிந்தால் பாலை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் மாற்று ஆகாது. புரதங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால் அவையும் அலர்ஜியைக் கிளப்பும். கழுதைப்பால் சங்கில் ஊற்றும் பழக்கம் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை: காய்ச்சாத எந்தப் பாலும் குழந்தை வாய்க்குப் போகக்கூடாது.

இனி பாக்கெட். ஆவின் நிறங்களை வைத்துப் பழகியவர்களுக்கு இங்கே குழப்பம் வரும். நிறத்தை விடுங்கள், கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஆவின் ஆரஞ்சு போல 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பால் இங்கே அமுல் கோல்டு. ஆவின் நீலம் போல 3 சதவீத டோன்ட் பால், அதாவது கொழுப்பு குறைத்த பால், அமுல் தாஜா. இவற்றில் எருமைப்பாலும் கலந்திருக்கலாம். பசும்பால் என்றே தனியாக வரும் பாக்கெட்டுகளை அமுல், கோகுல், சித்தளே ஆகியவை விற்கின்றன. அவற்றில் கொழுப்பு 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

டோன்ட் பாலே பம்பாய்ச் சரக்குதான். 1940களில் இங்கே பால் விநியோகத்தை நடத்திய தாரா குரோடி, கொழுப்பு மிகுந்த எருமைப்பாலோடு கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் தண்ணீரும் சேர்த்து, மலிவு விலையில் நிறையப் பேருக்கு எட்டும்படி செய்த ஏற்பாடு அது. இந்த விவரம் உங்களுக்கு எதற்கு என்றால், எருமைப்பால் பழக்கமுள்ள இந்த ஊரில் முழுக் கொழுப்பு என்பதன் அளவே வேறு. இணையத்தில் படிக்கும் வெளிநாட்டுக் குறிப்புகள் இரண்டு வயது வரை முழுக் கொழுப்புப் பால் கொடுங்கள் என்று சொல்லும். அவர்கள் சொல்வது மூன்றேகால், மூன்றரை சதவீதப் பசும்பாலை. அதை நம்பி இங்கே 6 சதவீத ஃபுல் கிரீம் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை, பசும்பால் பாக்கெட்டே போதும். எருமைப்பால் ஒரு வயதுக்குப் பிறகு விஷமொன்றும் இல்லை. ஆனால் கனமானது, சில குழந்தைகளுக்கு மலம் இறுகும். அதைத் தண்ணீர் விட்டு இளக்குவதைவிடப் பசும்பாலுக்கு மாறுவது சுலபம். 1.5 சதவீத டபுள் டோன்ட் மட்டும் இரண்டு வயதுக்குள் வேண்டாம். ப்ளஸ் எஃப் முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்த பால் என்று பொருள். ஏ2 (பாலிலுள்ள ஒருவகைப் புரதத்தின் பெயர்) என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பதை வாங்காவிட்டால் குழந்தைக்கு எந்த நஷ்டமும் இல்லை.

வாசலில் வாங்கும் பாலானால் பொங்கக் காய்ச்சியே ஆகவேண்டும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்தது, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்கியது என்றாலும் நம் வீட்டு வழக்கப்படி ஒரு கொதி விடுங்கள், குறிப்பாக மழைக்காலத்தில். காய்ச்சிய பாலை அடுப்படியிலேயே மணிக்கணக்கில் வைக்கவேண்டாம். மும்பைப் புழுக்கத்தில் சீக்கிரம் கெட்டுவிடும்.

ஒரு வயது முடிந்ததும் சின்னக் கப்பில் நாலைந்து மடக்கோடு ஆரம்பியுங்கள். வாசனை பிடிக்காமல் துப்பினால் பீய்ச்சியெடுத்த தாய்ப்பாலோ வழக்கமான ஃபார்முலாவோ கலந்து, மெல்லப் பசும்பாலின் அளவைக் கூட்டுங்கள். சர்க்கரை, பனங்கற்கண்டு, மால்ட் பவுடர் எதுவும் தேவையில்லை. தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம், இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். நாளொன்றுக்கு 350 முதல் 500 மில்லி வரை போதும், தயிரையும் இதில் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு இவ்வளவுகூட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் குடிக்கிறான் என்று பெருமைப்படும் பெற்றோர்தான் பிறகு சோறே தின்னமாட்டேன் என்கிறான், முகம் வெளிறிப்போச்சு என்று டாக்டரிடம் வந்து நிற்கிறார்கள். வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால் இரும்புள்ள உணவுக்கு இடம் ஏது? பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்கும் பழக்கம் பல்லையும் கெடுக்கும். டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுப்பது இந்த ஊரில் பக்கத்து வீட்டு அன்பின் அடையாளம். சிரித்தபடியே மறுத்துவிடுங்கள், டீ இரும்புச்சத்தைத் தடுக்கும்.

ஊருக்கு ரயிலில் போகும்போது யு.எச்.டி. முறையில், அதாவது மிக அதிகச் சூட்டில் கிருமி நீக்கிப் பதப்படுத்திய பால் பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். திறக்கும்வரை ஃபிரிட்ஜ் தேவையில்லை, காய்ச்சவும் வேண்டாம். ஜூலை மழையில் பால் வண்டி வராத நாளுக்கும் ஒன்றிரண்டு வீட்டில் இருக்கட்டும். பெரிய பெட்டி வேண்டாம், சிறியதாகவே வாங்குங்கள். திறந்ததில் குழந்தை குடித்தது போக மிச்சத்தை நீங்கள் குடித்துவிடுங்கள்.