பயிற்சி ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்: திறன் பயிற்சித் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆள் கிடைக்கவில்லை என்று தொழிற்கூடங்கள் குறைபட்டுக்கொண்டிருக்கும் அதே ஊரில், தொழிற்பயிற்சிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் வேலை தேடி அலைவது வளரும் நாடுகளில் பழகிப்போன காட்சி. இதைக் கண்டதும் இன்னும் பத்துப் பயிற்சி நிலையங்களைத் திறந்தால் சரியாகிவிடும் என்று முடிவுகட்டுவது முதல் தவறு. தன்னிடம் இருக்கும் ஆசிரியரையும் இயந்திரத்தையும் பார்த்துப் பாடத்திட்டம் வகுக்கும் நிலையம், எத்தனை கிளைகளைத் திறந்தாலும் அதே இடைவெளியைத்தான் பெருக்கும்.

வெல்டிங் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். மேசைமேல் கிடத்திய தகட்டில் நேர்கோடாகப் பற்றவைப்பதை மாணவர் சில வாரங்களில் கற்றுக்கொள்கிறார். தேர்வும் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடுகிறது. கட்டுமானத் தளத்திலோ குழாய்ப் பணியிலோ தகடு மேசைக்கு வருவதில்லை. செங்குத்தாக நிற்கும் இணைப்பில் உருகிய உலோகம் கீழ்நோக்கி வழியும்; மின்னோட்டத்தின் ஆம்பியரைக் குறைத்து, ராடை, அதாவது உருகி இணைப்பை நிரப்பும் உலோகக் குச்சியை, தகட்டுக்கு நெருக்கமாகப் பிடித்து, இரு ஓரங்களிலும் சற்றே நின்று நகர்ந்தால்தான் உலோகம் தங்கும். தொழிலில் இதை 3ஜி என்பார்கள்; தலைக்கு மேலே பற்றவைப்பது 4ஜி; 45 பாகை சாய்த்து அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைப்பது 6ஜி. (அலைபேசிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இந்தக் கைப்பழக்கம் நூற்றுக்கணக்கான ராடுகளை எரித்தால்தான் வரும். நிலையத்தின் வரவுசெலவுத் திட்டத்திலோ கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் பணம் இருக்கும், ராடுக்கு இருக்காது. ஆசிரியர் செய்துகாட்ட, இருபது பேர் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரத்தை வாங்கிவிட்டு, வெட்டுமுனைகளுக்கும் பழுதுபார்ப்புக்கும் பணமில்லாமல் உறைபோட்டு மூடிவைப்பதும் இதே தவறின் செலவு கூடிய வடிவம்தான்.

அடுத்தது, முதலாளிகளிடம் பொதுப்படையாகக் கருத்துக் கேட்பது. உங்களுக்கு எப்படிப்பட்ட ஆட்கள் வேண்டும் என்று படிவத்தில் கேட்டால், ஒழுக்கமும் ஆர்வமும் உள்ளவர்கள் என்ற பதில்தான் எங்கும் வரும். அதை வைத்து ஒரு பாடவேளையைக்கூட வகுக்க முடியாது. கடந்த ஆறு மாதங்களில் நிரப்ப முடியாத இடம் எது, பயிற்சி முடித்துக் கடைசியாகச் சேர்ந்தவர் எந்த வேலையில் தடுமாறினார், வரைபடத்தைப் பார்த்து அளவைச் சரியாகப் படித்தாரா என்று கேட்டால் பயன்படும் பதில் கிடைக்கும். முதலாளிகளே பணமும் பொறுப்பும் ஏற்கும் ஏற்பாடு இதைவிட உறுதியானது. பிரேசிலில் 1942-இல் தொடங்கப்பட்ட செனாய் என்ற தொழிற்பயிற்சி அமைப்பு, தொழில் நிறுவனங்களின் ஊதியப் பட்டியலில் 1 சதவீதத்தைப் பெற்று, தொழிலதிபர் கூட்டமைப்புகளின் நிர்வாகத்தில் நடக்கிறது. பணம் கொடுப்பவர் பாடம் பழையதாகிவிட்டதா என்று கேட்கத்தானே செய்வார்!

பாடத்திட்டத்தின் மீது சுமத்தக் கூடாத பழி ஒன்றும் இருக்கிறது. 1960-களில் கானா நாட்டை ஆராய்ந்த கல்வி ஆய்வாளர் பிலிப் ஃபாஸ்டர், மாணவர்கள் தொழிற்கல்வியை ஒதுக்கி ஏட்டுக் கல்வியை நாடியது அறியாமையால் அல்ல என்று காட்டினார். எழுத்தர் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் உயர்வுக்கு வழியும் இருந்தன. மாணவர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தார்கள். தேர்ந்த கைத்தொழிலாளிக்கும் பயிற்சியே இல்லாதவருக்கும் ஏறக்குறைய ஒரே கூலி கொடுக்கும் இடத்தில், ஆள் கிடைக்கவில்லை என்ற புகாருக்குப் பெயர் திறன் பற்றாக்குறை அன்று, கூலிப் பற்றாக்குறை.

சிறு பட்டறைகளை மறந்துவிட்டுப் பெரிய தொழிற்சாலைகளை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டமிடுவதும் பரவலாக உள்ளது. பல வளரும் நாடுகளில் பெரும்பாலோர் தொழில் கற்பது பட்டறை முதலாளியிடம்தான். கென்யாவில் இத்தகைய திறந்தவெளிப் பட்டறைத் தொழிலை ‘ஜுவா காலி’ என்கிறார்கள்; சுவாகிலி மொழியில் கொளுத்தும் வெயில் என்று பொருள். 1990-களின் பிற்பகுதியில் அங்கே பயிற்சிக் கட்டணத்துக்கு ஈடாகச் செலுத்தக்கூடிய சீட்டைத் தொழிலாளர்களிடமே கொடுத்து, விரும்பிய இடத்தில் பயிலச் சொன்னபோது, அவர்களில் பெரும்பாலோர் கல்விக்கூடங்களை விட்டு அனுபவமிக்க கைவினைஞர்களையே தேடிப் போனார்கள். இப்படிப் பட்டறையில் கற்ற திறனைச் சோதித்து அங்கீகரிக்க வழி வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2004-ஆம் ஆண்டு 195-ஆம் பரிந்துரையிலும் இடம்பெற்றுள்ளது.

கடைசித் தவறு கணக்கெடுப்பில். சேர்ந்தோர், தேறியோர் எண்ணிக்கையோடு அறிக்கை முடிந்துவிடும்; சற்றுக் கவனமானவர்கள் மூன்று மாதத்தில் வேலைக்குப் போனோரையும் எண்ணுவார்கள். அதுவும் போதாது. துருக்கியின் அரசு வேலைவாய்ப்பு அமைப்பு நடத்திய பயிற்சிகளைக் குலுக்கல் முறையில், அதாவது விண்ணப்பித்தவர்களில் யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்து மற்றவர்களோடு ஒப்பிட்டு, ஆராய்ந்தபோது, முதலாண்டில் முறைசார்ந்த (அரசுப் பதிவில் உள்ள) வேலைகளில் தெரிந்த சிறு நன்மை மூன்றாண்டுகளுக்குள் மறைந்திருந்தது. கொலம்பியாவில் 2001 முதல் 2005 வரை நடந்த இளைஞர் பயிற்சித் திட்டம் மூன்று மாத வகுப்போடு மூன்று மாதத் தொழிற்கூடப் பணியையும் சேர்த்தது. அதில் பயின்ற பெண்களின் வருமானம் தெளிவாக உயர்ந்தது, ஆண்களிடம் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. ஒரே சராசரியைப் போட்டிருந்தால் இந்த வேறுபாடு மறைந்துபோயிருக்கும். ஆகவே ஆண், பெண் என்று பிரித்து, ஓராண்டு கழித்தும் மூன்றாண்டு கழித்தும் பழைய மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து, இப்போது என்ன வேலை, கற்றதில் எது பயன்பட்டது, எதை வேலைக்குப் போனபின் முதலிலிருந்து கற்க நேர்ந்தது என்று கேட்க வேண்டும். அந்த மூன்றாவது கேள்விக்கான பதில்கள் மறுஆண்டுப் பாடத்திட்டக் கூட்டத்தின் மேசைக்கு நேராகப் போக வேண்டும்.