அப்பா நின்ற அதே அஞ்சடியில்: பழைய படத்துக்கு இன்றைய ஜோடி எடுப்பது எப்படி?

அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடையின் அஞ்சடி, அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை. சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தபோது எடுத்தது என்று அம்மா சொல்வார். பல வருஷமாக அந்தப் படத்தில் அப்பாவை மட்டுமே பார்த்து வந்தேன். அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுக்கப் போன அன்றுதான் அவருக்குப் பின்னால் இருந்த பட்டணம் கண்ணில் பட்டது.

இதை நீங்களும் செய்யலாம். கைப்பேசி ஒன்று போதும்.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்டூடியோ படங்களை ஒதுக்கி வையுங்கள். அங்கே பின்னால் இருப்பது திரைச்சீலை. கடைத் தூண், பெயர்ப்பலகை, கோயில் வாசல், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டுப் படிக்கட்டு என்று அசையாத பொருள் இரண்டாவது தெரிகிற படமாக எடுங்கள். ஆள் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

படி 2: நகல் எடுங்கள்

ஒட்டும் ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐ. பின்புறத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ அங்கேதான் இருக்கும்.

படி 3: எந்தக் காலம் என்று பாருங்கள்

தேதி இல்லாவிட்டால் பின்னணியைத் துழாவுங்கள். ஊர்ப்பலகை நல்ல சாட்சி. மலாய் எழுத்துச் சீர்திருத்தம் 1972-இல் வந்தது. ‘சுங்கை’ என்ற சொல் ரோமன் எழுத்தில் ‘இ, ஐ’ (ei) என்று முடிந்தால் பழைய எழுத்துக்கூட்டு. ‘ஏ, ஐ’ (ai) என்று முடிந்தால் புதியது. கடைக்காரர்கள் பழைய பலகையை உடனே மாற்றிவிட மாட்டார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தெலுக் இந்தான் பட்டணத்துப் படத்தில் அதன் பழைய பெயரான ‘தெலுக் அன்சன்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் 1982-க்கு முந்தியது. தெருவில் புரோட்டோன் சாகா கார் நின்றால் படம் 1985-க்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. கஞ்சில் கார் என்றால் 1994, கூரையில் ஆஸ்ட்ரோ டிவியின் சாட்டிலைட் தட்டு என்றால் 1996. இவை எல்லாம் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும். அதற்கு மேல் ஊகம் வேண்டாம்.

படி 4: அதே இடத்தில் நில்லுங்கள்

அதிக நேரம் பிடிப்பது இதுதான், அவசரப்படாதீர்கள். முதல் தடவை நான் ஜூமை இழுத்துப் பொருத்தப் பார்த்தேன், பொருந்தவே இல்லை. முதலில் கால் நகர வேண்டும், ஜூம் பிறகுதான்.

பழைய படத்தில் பக்கத்தில் ஒரு பொருளையும் தூரத்தில் ஒன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடைத் தூணும், எதிர்வரிசைக் கூரையின் முனையும் கிடைத்தன. படத்தில் கூரை முனை தூணின் வலது ஓரத்தைத் தொடுகிறது. நான் வலதுபுறம் ஓர் அடி வைத்ததும் இரண்டுக்கும் நடுவே வானம் தெரிந்தது. இடதுபுறம் வந்ததும் கூரை முனை தூணுக்குப் பின்னால் மறைந்தது. அப்படி நகர்ந்து நகர்ந்து இரண்டும் தொடும் கோட்டுக்கு வாருங்கள். அந்தக் கோட்டிலேயே முன்னும் பின்னும் போனால், தூணும் கூரையும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரிகின்றன என்பது மாறும். அந்த அளவும் ஒத்துவரும் இடத்தில்தான் அன்றைக்குப் படம் எடுத்தவர் நின்றிருக்கிறார்.

படம் சதுரமாக இருந்தால் கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே தூக்காதீர்கள். சதுரப் படம் எடுத்த பழைய கேமராக்களில் பலவற்றை நெஞ்சுக்கு நேரே வைத்து, மேலிருந்து குனிந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். நானும் நெஞ்சுயரத்துக்கு இறக்கிய பிறகுதான் அஞ்சடியின் தரை சரியாக வந்தது.

நிழலையும் கவனியுங்கள். நம் ஊரில் நண்பகல் நிழல் ஜூன் மாதத்தில் தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே. நிழல் எதிர்ப்பக்கம் விழுந்தால் சில மாதம் கழித்து மறுபடி போங்கள்.

தெரு காலியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்பாவின் சைக்கிள் நின்ற இடத்தில் அன்றைக்குச் சாப்பாடு டெலிவரி மோட்டார் ஒன்று நின்றது. அந்தத் தம்பியிடம் கேட்டு, அவரையும் சேர்த்தே எடுத்தேன்.

படி 5: தோட்டத்தில் ஒன்றுமே மிச்சமில்லை என்றால்

லயத்தை இடித்திருப்பார்கள், பால் மரம் (ரப்பர்) இருந்த இடத்தில் செம்பனை நிற்கும், அல்லது தாமான் (குடியிருப்பு) வந்திருக்கும். மேடு பள்ளம், ஆற்று வளைவு, மாரியம்மன் கோயில் இவற்றைத் தேடுங்கள். வரைபடத்தில் தேடினால் குழம்புவீர்கள். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் அழைத்த பெயர் வேறொன்று. கைமாறிய தோட்டமென்றால் இன்னும் சிக்கல். ஐம்பதுகளின் பிற்பாதியில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள், வேலையும் வீடும் பறிபோயின. அதைப் பார்த்துத்தான் சுங்கை சிப்புட்காரரான அன்றைய ம.இ.கா. (மலாயா இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆகவே அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எங்கே, பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகை எங்கே என்று அவர் கையை நீட்டிக் காட்டுவார். தோட்டம் தனியார் நிலம். ஆபீசில் அனுமதி கேட்டுவிட்டு நுழையுங்கள்.

படி 6: இரண்டு படத்தையும் காட்டிக் கேளுங்கள்

“அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “கஷ்டந்தான்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். படத்தில் ஒரு பொருளைத் தொட்டுக் கேளுங்கள். சைக்கிள் கைப்பிடியில் கறுப்பாக ஏதோ தொங்குவதை, பக்கத்து லயத்தில் இருந்த பெரியம்மாவிடம் காட்டினேன்.

“தூக்குச்சட்டிப்பா. சம்பளம் போட்டா உங்கப்பா சீனன் கடையில மீ கோரிங் வாங்கியாருவாரு. எங்க வீட்டுக்கும் ஒரு பிடி வரும்.”

இதை எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு குரலைப் பதிவு செய்யுங்கள்.

படி 7: ஜோடியாக வையுங்கள்

இரண்டையும் ஒரே அளவில் கழுவி ஒரே உறையில் போடுங்கள். இடம், தேதி, எந்தத் திசை பார்த்து எடுத்தது, யார் சொன்ன விவரம் என்பதைத் தனித்தாளில் எழுதிச் செருகுங்கள். பழைய படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள். பொதுவில் பகிர்வதாக இருந்தால் படத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னவருக்கு ஒரு ஜோடி கொடுங்கள், அவருடைய தாளில் பாதியைக் காலியாக விடுங்கள். பெரியம்மா வீட்டுத் தாளில் அவர் பேத்தி ஏற்கெனவே இரண்டு வரி சேர்த்திருக்கிறாள்.