கனடாவுல எட்மண்டன் வந்திருக்கீங்களா, ஃபோர்ட் எட்மண்டன் பார்க்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க

புதுசா வர்றவங்களுக்கு வெஸ்ட் எட்மண்டன் மால் தெரிஞ்சிடுது, பான்ஃப் மலைப் பூங்கா தெரிஞ்சிடுது, ஆனா ஊருக்குள்ளயே ஆத்துப் பள்ளத்தாக்குல, பழைய கால ஊர அப்படியே கட்டிக் காட்டற இந்த திறந்தவெளி அருங்காட்சியகத்தப் பத்தி யாரும் சொல்றதில்ல. கோடைலயே போயிடுங்க, குளிர் காலத்துல அங்க இருக்கற பழைய கால தெருவெல்லாம் வழக்கம்போல திறந்திருக்காது.

நீராவி ரயில் ஏறினா 1846 கோட்டைகிட்ட இறக்கி விடும், ஹட்சன்ஸ் பே கம்பெனி பீவர்ங்கற விலங்கோட தோல் வியாபாரம் பண்ண கோட்டைய அதே மாதிரி கட்டி வெச்சிருக்காங்க, அங்கேர்ந்து நடந்தா 1885, 1905, 1920னு ஒவ்வொரு தெருவும் ஒரு காலம். அந்தக்கால டிரெஸ்ல நிக்கறவங்ககிட்ட கூச்சப்படாம பேச்சு குடுங்க, நிதானமா பதில் சொல்வாங்க, இங்கிலீஷ் தயக்கமும் போகும்.

அந்தக் காலத்துல இங்க குடியேற வந்தவங்களுக்கு அரசாங்கம் குடுத்த 160 ஏக்கர் நிலத்துக்கு பதிவு கட்டணம் பத்தே டாலர், ஆனா மூணு வருஷத்துல வீடு கட்டி உழுது காட்டணும். அது யாரோட நிலம்னு தெரிஞ்சுக்காம திரும்பிடாதீங்க, 1876ல அரசாங்கமும் பழங்குடியினரும் போட்ட ஆறாம் ஒப்பந்தம், க்ரீ, மெட்டீங்கற பழங்குடி ஜனங்களோட கதை எல்லாம் பழங்குடியினருக்குன்னே இருக்கற தனி அரங்கத்துல அவங்க குரல்லயே கேக்கலாம். 1905 தெருவுல டென்ட் வரிசை ஒண்ணு இருக்கு, ஜனம் வந்து குவிஞ்சு வீடு பத்தாம அப்படித்தான் இருந்தாங்களாம். பேஸ்மென்ட்ல ரெண்டு குடும்பமா இருந்த எங்களுக்கு அதப் பாத்ததும் பேச்சே வரல.

எனக்கு ரொம்ப புடிச்சது அல் ரஷீத் மசூதி. 1938ல கட்டின கனடாவோட முதல் மசூதி, ஹில்வி ஹம்டான்னு ஒரு அம்மா முன்ன நின்னு கடை கடையா ஏறி பணம் சேத்தாங்க, முஸ்லிம் இல்லாதவங்களும் குடுத்தாங்க. கட்டினவர் உக்ரைன் வம்சாவளி, அதனால பாக்க கொஞ்சம் அவங்க சர்ச் மாதிரியே இருக்கும். பின்னாடி இடிக்க இருந்தத முஸ்லிம் பெண்கள் போராடி காப்பாத்தி இங்க கொண்டு வந்தாங்க. கையில ஒண்ணும் இல்லாம வந்தவங்க இந்த ஊர்ல என்ன பண்ணாங்கன்னு புள்ளைங்களுக்கு காட்ட இதவிட நல்ல இடம் எனக்கு தெரியல.

மண் ரோடு, பலகை நடைபாதைதான், அதனால நல்ல ஷூ போடுங்க, கொசு மருந்து மறக்காதீங்க. பிஆர் (நிரந்தர குடியுரிமை அனுமதி) வந்து அஞ்சு வருஷம் ஆகலன்னா, புதுசா குடியேறினவங்களுக்குன்னு இருக்கற கனூ (Canoo) ஆப் போட்டு சலுகை இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் டிக்கெட் எடுங்க.