சீலியாக் உள்ளவர் வீட்டில் ஓட்ஸ்: எப்போது, எந்த ஓட்ஸ், எவ்வளவு

சீலியாக் நோய்க்கு மாத்திரை கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதத்தை ஆயுசுக்கும் ஒதுக்குவதுதான் வைத்தியம். அது உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். சத்து உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்துபோகும். அதனால்தான் வயிற்றுப்போக்கோடு ரத்தசோகையும் எடை இறக்கமும் வருகின்றன.

என் மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் வாழ்கிறோம். சோறு, மீன் குழம்பு, கேப்பைக் கூழ், இடியாப்பம் என்று நம் கடற்கரைச் சாப்பாட்டில் பெரும்பகுதி அரிசியும் சிறுதானியமும்தான் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் நார்ச்சத்துக்கும் ஒரு மாற்றத்துக்கும் ஓட்ஸ் சேர்க்கலாமா என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். பெரும்பாலானவர்கள் சேர்க்கலாம். எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: நேரம் வந்துவிட்டதா?

நோய் உறுதியான மறுநாளே ஓட்ஸ் வேண்டாம். க்ளூட்டன் இல்லாத சாப்பாட்டில் குறைந்தது ஆறு மாதம் ஓட வேண்டும். வயிற்றுத் தொந்தரவு அடங்கி, எடை ஏறி, நோய் அடங்கியிருக்கிறதா என்று காட்டும் டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையும் இயல்புக்கு வந்திருந்தால் டாக்டரிடம் கேட்டுத் தொடங்கலாம். அதற்கு முன்னால் தொடங்கினால், வரும் வயிற்றுவலி பழைய நோயாலா, ஓட்ஸாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னும் பரிசோதனையே செய்யவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால், நீங்களாகவே கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு ரத்தம் கொடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

இரண்டாம் படி: சரியான பாக்கெட்

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். ஓட்ஸில் க்ளூட்டன் இல்லை. அவெனின் என்ற வேறு புரதம் இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ளாதவர்கள் மிகச் சிலரே. ஆபத்து வருவது ஓட்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும் கோதுமை, பார்லியிலிருந்துதான். ஒரே வயலில் மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள், ஒரே அறுவடை இயந்திரம், ஒரே லாரி, ஒரே ஆலை. பார்லி மணியும் ஓட்ஸ் மணியும் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் பிரித்தெடுப்பதும் சிரமம். தட்டையாக நசுக்கிய பிறகு கண்ணால் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்கவே முடியாது. கழுவினாலும் வறுத்தாலும் க்ளூட்டன் போகாது.

ஆகவே பாக்கெட்டின் பின்னால் 'ஓட்ஸ் 100%' என்று மட்டும் இருந்தால் போதாது. க்ளூட்டன் இல்லாதது என்று தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியாவில் அப்படிப் போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக்கூடாது என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 20 பிபிஎம் என்று போட்டிருப்பதும் இதுதான். 'குறைந்த க்ளூட்டன்' என்பது வேறு, அது 100 வரை போகலாம். அதை எடுக்காதீர்கள். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்லும். 'கோதுமை கலக்காதது' என்ற வாசகமும் போதாது, பார்லி இருக்கலாமே.

இரண்டு விதமாக இந்த ஓட்ஸைத் தயாரிக்கிறார்கள். விதையிலிருந்து பாக்கெட் வரைக்கும் தனி வயல், தனி வண்டி, தனி ஆலை என்று காப்பது ஒரு முறை. சாதாரண ஓட்ஸை வாங்கி, இயந்திரத்தால் மற்ற தானியத்தைப் பொறுக்கி நீக்குவது இன்னொரு முறை. இரண்டும் கிடைத்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

நம் ஊர் மளிகைக் கடையில் இது கிடைப்பது கஷ்டம். ஆன்லைனில் வாங்கலாம், மதுரை போகிறவர்களிடம் சொல்லி வைக்கலாம். கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடாவிலிருந்து வரும் மச்சானோ மாமாவோ பெட்டியில் ஓட்ஸ் கொண்டுவருவார்கள். முன்கூட்டியே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆசையாக வாங்கி வந்ததை அப்புறம் வேண்டாம் என்று சொல்வது இரண்டு பக்கமும் வருத்தம். மசாலா ஓட்ஸ் எந்த ஊரிலிருந்து வந்தாலும் வேண்டாம், மசாலாவில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: அடுப்படி

ஓட்ஸுக்கு இறுக மூடும் தனி டப்பா, தனிக் கரண்டி வையுங்கள். கடல்காற்றில் ஒரு வாரத்தில் நமத்துப்போகும் என்பதால் டப்பா எப்படியும் தேவை. சப்பாத்திக்கட்டையும், கோதுமை மாவு சலித்த சல்லடையும், பழைய மர அகப்பையும் சீலியாக் உள்ளவருடைய சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாது. சல்லடைக் கண்ணிலும் மரக்கீறலிலும் மாவு தங்கிவிடும்.

மாவு மில்லைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். அந்தக் கல்லிலேயே உங்கள் கேப்பையும் முண்டு மிளகாயும் விழும். ஓட்ஸை மாவாக்க வேண்டுமென்றால் வீட்டு மிக்ஸியே போதும். மிளகாய், மல்லியையும் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில்தான் அரைக்கிறோம். அப்புறம் பெருங்காயம். கட்டியோ தூளோ, கடையில் விற்கும் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு சேர்ப்பார்கள். அரிசி மாவு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

நான்காம் படி: முதல் கிண்ணம்

இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸ், அதாவது சுமார் 10 கிராம், தொடக்கத்துக்குப் போதும். அதை ஒன்றேகால் டம்ளர் தண்ணீரில் போட்டு, தட்டிய சின்ன வெங்காயம் நாலு, பூண்டு ஒரு பல், கால் ஸ்பூன் சீரகம், உப்பு சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். முதலில் நுரை பொங்கும், கிளறினால் அடங்கும். ஐந்தாறு நிமிடத்தில் நீர் வெளுத்துக் கஞ்சிப் பதம் வரும். கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்காமல் கொழகொழவென்று சொட்ட வேண்டும். அப்போது அடுப்பை அணைத்து, முதல் தேங்காய்ப்பால் கால் டம்ளர் ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். கொஞ்சம் மிளகு தூவி, தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலிக் கருவாடு வைத்தால் என் மகள் கிண்ணத்தை வழித்துவிடுவாள். இனிப்பு வேண்டுபவர்கள் வெங்காயம், பூண்டு, சீரகம் இல்லாமல் காய்ச்சி, கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சேர்க்கலாம்.

நோன்பு நாட்களில் நொய்யரிசிக்குப் பதிலாக ஓட்ஸில் கஞ்சி காய்ச்சுகிறவர்களும் உண்டு. வீட்டில் இந்த க்ளூட்டன் இல்லாத பாக்கெட் ஓட்ஸில் காய்ச்சினால் நல்லது. வெளியில் வாங்கும் கஞ்சி என்றால் எந்த ஓட்ஸ் போட்டார்கள் என்று கேட்காமல் குடிக்க வேண்டாம். ஹோட்டல் ஓட்ஸ் தோசையும் அப்படித்தான், அதிலும் பரோட்டா போட்ட கல்லிலேயே வார்ப்பார்கள்.

ஐந்தாம் படி: கூட்டுவதும் கவனிப்பதும்

வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 70 கிராம், குழந்தைகளுக்கு 20 முதல் 25 கிராம் உலர் ஓட்ஸ் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கப் கணக்கில் பெரியவர்களுக்கு அரை முதல் முக்கால், பிள்ளைகளுக்குக் கால்.

நார்ச்சத்து திடீரென்று கூடுவதால் முதல் சில நாட்கள் வயிறு உப்பலாம், காற்றுப் பிரியலாம். தண்ணீர் நிறையக் குடித்தால் ஓரிரு வாரத்தில் சரியாகும். வயிற்றுப்போக்கு, வாந்தி, எடை இறக்கம், முழங்கை முழங்காலில் அரிக்கும் கொப்புளம் என்று வந்தால் ஓட்ஸை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இந்தக் காலத்தில் வேறு புதிய பண்டம் எதையும் சேர்க்க வேண்டாம், கம்பெனியையும் மாற்ற வேண்டாம். பாக்கெட்டில் தொகுதி எண் இருக்கும் பகுதியை வெட்டி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். சந்தேகம் வந்தால் எந்தச் சரக்கு என்று சொல்ல அதுதான் ஆதாரம்.

தொந்தரவே இல்லை என்றாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் டிடிஜி ஐஜிஏ மறுபடி பார்த்துவிடுங்கள். வெளியே தெரியாமலும் குடல் புண்படலாம். எண் ஏறியிருந்தால் முதலில் ஓட்ஸை நிறுத்துங்கள். பெருங்காயம், மில் மாவு, வெளிச் சாப்பாடு என்று மற்ற வழிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எல்லாம் சுத்தமாக இருந்தும் ஓட்ஸ் சாப்பிட்டால் மட்டும் ஏறுகிறது என்றால், அவெனினை ஒத்துக்கொள்ளாத சிலரில் இவரும் ஒருவராக இருக்கலாம். அவருக்குக் குதிரைவாலிக் கஞ்சியை இதே தேங்காய்ப்பாலோடு காய்ச்சிக் கொடுங்கள், நார்ச்சத்தும் கிடைக்கும்.