ஈஸ்ட் ஆக்கும் ஏ.ரி.பி.யைப் பலூனால் அளப்பது எப்படி?

ஈஸ்ட் சீனியிலிருந்து சக்தி பெறுவதை உயர்தர உயிரியல் மாணவர்கள் சமன்பாடாக மனனம் செய்கிறார்கள். வீட்டு மேசையில் வைத்து அதை எண்ணாகவே அளக்க முடியும். நொதித்தலில், அதாவது ஒட்சிசனைப் பயன்படுத்தாமல் சீனியை மதுசாரமாக மாற்றுவதில், ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து இரண்டு காபனீரொட்சைட்டு மூலக்கூறுகள் வெளிவருகின்றன. கலம் சக்திக்குப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏ.ரி.பி.யும் தேறியதாக இரண்டுதான். ஆகவே நொதித்தலால் எவ்வளவு வாயு வந்ததென்று தெரிந்தால், எவ்வளவு ஏ.ரி.பி. உருவானதென்றும் தெரிந்துவிடும்.

500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல் நான்கு, ஒரே அளவுப் பலூன் நான்கு, வெப்பமானி, தையல் அளவுநாடா, 11 கிராம் உடனடி ஈஸ்ட் (instant yeast) பக்கற்று இரண்டு, சீனி, சீனி சேர்க்காத பால்மா ஆகியவை வேண்டும். ஈஸ்ட் புதிதாக இருக்கட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்த பக்கற்று விரைவில் வலுவிழக்கும். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து 35 பாகை செல்சியசுக்கு ஆறவிட்டு, ஒவ்வொரு போத்தலிலும் 100 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். முதலாவதில் 4 கிராம் சீனி, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டி. இரண்டாவதில் வெறும் தண்ணீர். மூன்றாவதில் 10 கிராம் பால்மா. நான்காவதில் முதலாவதைப் போலவே 4 கிராம் சீனி. பிறகு எல்லாவற்றிலும் 3 கிராம் ஈஸ்ட். நான்காவதற்குரிய ஈஸ்டை மட்டும் அந்தத் தண்ணீரிலேயே ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிச் சேர்க்க வேண்டும். பலூன்களை முன்னரே இரண்டு மூன்று முறை ஊதித் தளர்த்திவிட்டுப் போத்தல் வாயில் மாட்டுங்கள். மூடியை இறுக்கிப் பூட்டவே கூடாது, போத்தல் வெடிக்கும். கொழும்பில் அறை வெப்பமே 30 பாகையை ஒட்டியிருப்பதால் வெந்நீர்த் தொட்டி தேவையில்லை. குளிரூட்டிக்கு நேரே வைக்காமல் இருந்தால் போதும்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பலூனின் மிகப் பருத்த இடத்துச் சுற்றளவை எடுங்கள். சென்ரிமீற்றரில் எடுத்த சுற்றளவின் மும்மடியை 59 ஆல் வகுத்தால் கனவளவு மில்லிலீற்றரில் வரும். 30 சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 457 மில்லிலீற்றர். 30 பாகையில் ஒரு மூல் வாயு 24.9 லீற்றர், எனவே இது 0.018 மூல் காபனீரொட்சைட்டு, அதே அளவு ஏ.ரி.பி. 4 கிராம் சீனி முழுவதும் நொதித்தால் 1.16 லீற்றர் வர வேண்டும். அவ்வளவு வராது. 60 மில்லிலீற்றருக்கு மேல் அந்த 100 மில்லிலீற்றர் தண்ணீரிலேயே கரைந்துவிடும், சீனியில் ஒரு பகுதி கிளிசரோலாகவும் கலத்தின் சேமிப்பாகவும் போகும், காபனீரொட்சைட்டு இறப்பர்ச் சுவரூடாகவும் கசியும். இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளப்பது வீண் என்பது இதனால்தான்.

இரண்டாவது பலூனும் சற்று எழலாம். கலத்தினுள் சேமித்துள்ள கிளைக்கோசனையும் திரேகலோசையும் ஈஸ்ட் எரிக்கிறது. மூன்றாவது ஏறத்தாழ இரண்டாவதைப் போலவே நிற்கும்: பால்மாவில் இலற்றோசு ஏராளம், ஆனால் அதை உள்ளே எடுக்கும் புரதமும் பிளக்கும் நொதியமும் இந்த ஈஸ்டிடம் இல்லை. நான்காவது எழுந்தால் ஈஸ்ட் சரியாகக் கொதிக்கவில்லை. முதலாவதே எழாவிட்டால் தண்ணீர் மிகச் சூடாக இருந்திருக்கும், அல்லது ஈஸ்ட் பழையது.

போத்தலில் காற்று இருக்கிறதே, சுவாசம் நடக்காதா என்று மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. குளுக்கோசின் காற்றுச் சுவாசத்தில் எடுக்கும் ஒட்சிசனும் விடும் காபனீரொட்சைட்டும் சம கனவளவு; ஆகவே அது பலூனை ஊதாது, ஊதுவது நொதித்தல்தான். மேலும் சீனி மிகுந்தால் ஒட்சிசன் இருந்தாலும் இந்த ஈஸ்ட் நொதிக்கும். காற்றில்லாதபோது மட்டுமே நொதித்தல் என்று எழுதிவைப்பது பிழை. பாடநூலில் காற்றுச் சுவாசத்துக்கு ஒரு குளுக்கோசுக்கு 30 அல்லது 32 என்று வரும் ஏ.ரி.பி. எண்ணிக்கையும் ஈஸ்டுக்குப் பொருந்தாது. கலத்தில் காற்றுச் சுவாசம் நடக்கும் உறுப்பான அதன் இழைமணியில், புரோத்தன்களை வெளியேற்றும் முதற் சிக்கற்புரதம் (Complex I) இல்லை, அதனால் சுவாசத்திலும் விளைச்சல் குறைவு.

ஒட்சிசன் இலத்திரன்களை வாங்குவதைக் கண்ணால் பார்க்க, மீன்தொட்டிச் சாமான் கடையில் மெதிலீன் நீலம் வாங்குங்கள். உயரமான சோதனைக் குழாயை ஈஸ்ட்டும் ஒரு சிட்டிகைச் சீனியும் கரைத்த நீரால் முக்கால்வாசி நிரப்பி, வெளிர்நீலம் வரும்வரை துளித்துளியாகச் சாயத்தை விட்டு, அசைக்காமல் நிறுத்துங்கள். கலத்திலிருந்து வரும் இலத்திரன்களைச் சாயம் ஏற்று நிறமிழக்கும். காற்றைத் தொடும் மேல்விளிம்பு மட்டும் நீலமாகவே நிற்கும். கையுறை போட்ட விரலால் வாயைப் பொத்திக் குலுக்கினால் ஒட்சிசன் கலந்து குழாய் முழுதும் நீலமாகும். மறுபடி நிறுத்தினால் மறுபடி வெளுக்கும். சாயம் கூடினால் வெளுக்க நெடுநேரம் பிடிக்கும், ஈஸ்டுக்கும் அது நஞ்சாகும். கொதித்த ஈஸ்டுடன் இன்னொரு குழாயைப் பக்கத்தில் வைத்தால், அது நீலமாகவே இருக்கும்.